ஒரு ஹைட்ராக்சில் குறைந்தால்

அன்பு நண்பா,

வகுப்பெடுக்க ஆரம்பித்த பிறகு எழுத நேரமே இல்லை என்று சொல்லிவிட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம். புரதத்தை விட்டுவிட்டுக் கொழுப்புக்குத் தாவிவிட்டாயே என்று கிண்டல் வேறு. தாவவெல்லாம் இல்லை, ஒரு புரதம்தான் என்னை இங்கே இழுத்துக்கொண்டு வந்தது.

செரின் பால்மிட்டோயில் டிரான்ஸ்ஃபரேஸ் ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்த பெயர்களில் ஒன்று. செரின் என்ற அமினோ அமிலத்தையும், கொழுப்பு அமிலத்தைச் சுமந்துவரும் பால்மிட்டோயில் கோஏவையும் இணைத்து, செல் சவ்வுகளில் இருக்கும் ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பு வகையை உருவாக்கும் பாதையைத் தொடங்கிவைக்கிற நொதி. அங்கிருந்து சில படிகளில் இந்த வகைக்கே அடிப்படையான செராமைடு, அதிலிருந்து ஸ்பிங்கோமயலின், நரம்பு செல்களில் நிறைந்திருக்கும் கேங்லியோசைடுகள் எல்லாம். பாஸ்போகோலின் ஒட்டுவதும் சர்க்கரை ஒட்டுவதும் செரின் கொண்டுவந்த அந்த ஒரே ஹைட்ராக்சிலில், அதாவது ஓஎச் தொகுதியில்தான், அதோடு இவற்றைச் சிதைத்து முடிக்கும்போதும் அதே இடத்தில் பாஸ்பேட் ஏறினால்தான் லயேஸ் நொதியால் சங்கிலியை வெட்ட முடியும்.

இப்போது அந்த நொதி செரினுக்குப் பதிலாக அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை எடுத்துவிட்டால்? ஹைட்ராக்சில் கிடையாது. உருவாகிற, அந்த ஹைட்ராக்சில் இல்லாத டிஆக்சி ஸ்பிங்கோலிப்பிடை ஸ்பிங்கோமயலினாக மாற்றவும் முடியாது, வழக்கமான வழியில் வெளியேற்றவும் முடியாது. இது சாதாரணமாகவே கொஞ்சம் நடக்கிற கூத்துதான், ஆனால் இந்த நொதியின் ஒரு துணையலகுக்கான எஸ்பிடிஎல்சி1 மரபணுவில் சில மாற்றங்கள் இருப்பவர்களுக்கு அளவு ஏறிவிடுகிறது. கால்களில் உணர்வு மெல்ல மெல்லப் போய், புண் வந்தாலும் தெரியாத ஒரு பரம்பரை நரம்பு நோய் அது. மரபணு எது என்று 2001இலேயே தெரிந்துவிட்டது. ஸ்பிங்கோலிப்பிட் குறைவதால் நரம்பு கெடுகிறது என்றுதான் முதலில் பலரும் எண்ணினார்கள், கெடுப்பது குறைவு அல்ல, இந்த வேண்டாத சரக்கு என்பது 2010 வாக்கில்தான் தெளிந்தது. செரினை அதிகமாகக் கொடுத்து அலனினை ஓரங்கட்டலாமே என்று தோன்றுகிறது இல்லையா? அதையும் செய்து பார்த்தார்கள். 2019இல் வெளியான சிறிய சோதனையில் 18 பேர், கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் செரின், ஓராண்டு. ரத்தத்தில் டிஆக்சி வகை குறைந்தது, நோயின் தீவிரத்தில் மிதமான பலனும் தெரிந்தது. இவ்வளவு எளிய மருந்து இவ்வளவு தூரம் போனதே பெரிது என்பது என் கட்சி.

சரி, என் அன்றாட வேலை என்ன என்று கேட்டாயே. குளோரோபார்மும் மெத்தனாலும் கலந்து பிரித்தெடுப்பது, கண்ணாடிக் குழாயில் மட்டும், பிளாஸ்டிக் பக்கமே போகக்கூடாது. கீழே நிற்கிற அடுக்கில்தான் நமக்கு வேண்டியது இருக்கும். பிறகு மிதமான காரம் சேர்த்தால் கிளிசரால் கொழுப்புகளின் எஸ்டர் பிணைப்புகள் உடைந்துபோகும், அமைடு பிணைப்பு உள்ள நம் ஸ்பிங்கோலிப்பிட் ஆட்கள் அசையாமல் நிற்பார்கள். இந்தப் படி எனக்கு எப்போதும் பிடிக்கும், வேதியியலே வடிகட்டித் தருகிற மாதிரி. அப்புறம் மூலக்கூறுகளையும் அவற்றின் துண்டுகளையும் எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். வழக்கமாக எல்லோரும், சாதாரண ஸ்பிங்கோலிப்பிடின் முதுகெலும்பான ஸ்பிங்கோசின் உடையும்போது வரும் 264 என்ற சிகரத்தைத்தான் தேடுவார்கள். அலனினிலிருந்து வரும் டிஆக்சி ஸ்பிங்கானின் வகை 268இல் நிற்கும், அதனால் 264ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது.

இதை எழுதக் காரணம் உன்னிடம் ஒரு வேலை வாங்கத்தான். இந்த நொதியை உறையவைத்துப் படமெடுத்துக் கண்ட முப்பரிமாண அமைப்புகள் (கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி) 2021இல் வெளிவந்துவிட்டன. வினை நடத்துகிற லைசின் என்ற அமினோ அமிலம் இருப்பது எஸ்பிடிஎல்சி2 துணையலகில், மாறினால் நோய் தருகிற 133ஆவது அமினோ அமிலமான சிஸ்டீன் இருப்பதோ எஸ்பிடிஎல்சி1இல். அங்கே சிஸ்டீனுக்குப் பதில் டிரிப்டோபான் வந்து உட்கார்ந்தால், செரினா அலனினா என்ற பக்கத்துத் துணையலகின் தேர்வு எப்படிக் குலைகிறது? அமைப்புகளைப் பார்த்தே வளர்ந்தவன் நீ, கோப்பைத் திறந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி