ஏ.பி. தேர்வுக்குத் தனியாகப் படிக்கலாம், திருத்தத்தான் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும் நம் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே மூன்று, நான்கு ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுகளைத் தாமாகப் படித்து எழுதிவிட வேண்டும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அப்படிச் செய்தால் கல்லூரிச் செலவில் ஓர் ஆண்டு மிச்சம் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். அதே பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரம். தற்செயலாகத்தான் இருக்கும்.

நான் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். 2024-25 கல்வியாண்டில் பேத்திக்கு ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அந்தப் பாடம் எடுக்காமலே ஏ.பி. ஹ்யூமன் ஜியோகிராபிக்கு (மானிடப் புவியியல்) படித்து, 2025 மே மாதம் எழுதினாள். கூடவே உட்கார்ந்திருந்தவன் என்பதால் சில விஷயங்களைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஏ.பி. என்பது காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு 1950களிலிருந்து நடத்திவரும் திட்டம். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி முதலாண்டு அளவுக்கு ஒரு பாடத்தைப் படித்து, மே மாதம் தேர்வு எழுதலாம். மதிப்பெண் 1 முதல் 5 வரை. நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முடித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும், இதைத்தான் கிரெடிட் என்கிறார்கள். பாடத்தை வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கட்டுரை இதுவரை சரி.

தனியாகப் படிப்பவருக்கு எது கிடைக்காது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. பாடப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. எந்த அலகில் என்ன வரும், எந்த அலகுக்கு எவ்வளவு பங்கு என்று காலேஜ் போர்டே முழுப் பாடத்திட்டத்தையும் இலவசமாகப் போட்டிருக்கிறது. யூடியூபில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஆசிரியர்களின் பாடங்கள் உண்டு. நூலகத்துக்குப் போனால் கைடு தடிதடியாகக் கிடைக்கிறது. பேத்தி டிசம்பருக்குள் மக்கள்தொகை, இடப்பெயர்வு, பண்பாடு, அரசியல் எல்லைகள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள். கொள்குறி வினாக்களைக் கணினியே திருத்திவிடும். ஆனால் இந்தத் தேர்வில் 60 நிமிடத்தில் 60 கொள்குறி வினா பாதி மதிப்பெண்தான். மீதிப் பாதி, 75 நிமிடத்தில் எழுத வேண்டிய மூன்று பெரிய வினாக்கள். எழுதுவதைத் திருத்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஒன்று சொல்கிறேன். வேளாண்மை அலகில் ஃபான் தூனன் என்ற ஜெர்மானியரின் மாடல் ஒன்று வருகிறது, 1826இல் வெளியானது. நடுவில் சந்தை நகரம். அதைச் சுற்றி முதல் வளையத்தில் பாலும் காய்கறியும், அடுத்து விறகுக்காடு, அதற்கப்பால் தானியம், கடைசியில் கால்நடை மேய்ச்சல். சீக்கிரம் கெடுவதும், சுமந்து வரச் செலவு பிடிப்பதும் நகரத்துக்கு அருகே, மற்றவை தள்ளி. இந்த மாடல் இன்றைய அமெரிக்காவுக்கு முழுதாகப் பொருந்தாததற்கு ஒரு காரணத்தை விளக்கு என்று கேட்டிருந்தேன். பேத்தி எழுதியது: ‘தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டதால் இப்போது நிலைமை மாறிவிட்டது.’

சுழியம் போட்டேன். “தாத்தா, இதுல என்ன தப்பு?” என்றாள். தப்பே இல்லை, விளக்கமும் இல்லை என்றேன். எந்தத் தொழில்நுட்பம்? அது எதை மாற்றியது? மாறியதால் என்ன ஆயிற்று? கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம், குளிர்பதன லாரிகள் வந்தபின் பால் கெடாமல் வெகுதூரம் போகிறது, அதனால் பால் பண்ணை நகரத்தை ஒட்டியே இருக்க வேண்டிய தேவை குறைந்தது, நகரத்தருகே நிலம் விலை அதிகம் என்பதால் பண்ணைகள் விலை குறைந்த இடங்களுக்குத் தள்ளிப் போகின்றன என்று எழுதினாள். முழு மதிப்பெண். விஷயம் அவளுக்கு முதலிலேயே தெரியும். தாளில் இறக்காமல் தலைக்குள்ளேயே வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

இதைத்தான் தனியாகப் படிக்கும் பிள்ளையால் தானே கண்டுபிடிக்க முடியாது. எழுதியவருக்குத் தன் விடை எப்போதும் முழுமையாகத்தான் தெரியும்.

நல்ல செய்தி, திருத்துவதற்கு வேண்டியதும் இலவசமாகவே கிடைக்கிறது. ஏ.பி. சென்ட்ரல் என்ற காலேஜ் போர்டின் தளத்தில், முந்தைய ஆண்டுகளின் பெரிய வினாக்கள், அவற்றுக்கான மதிப்பெண் வழிகாட்டி, உண்மையில் மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகள், அவற்றுக்கு ஏன் இத்தனை மதிப்பெண் கொடுத்தோம் என்ற குறிப்பு, எல்லாம் இருக்கின்றன. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம். நாங்கள் ‘கீ’ என்போம். இங்கேயும் ஜூன் மாதம் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் கூடித் திருத்துகிறார்கள். ஹ்யூமன் ஜியோகிராபியில் ஒவ்வொரு வினாவும் ஏ முதல் ஜி வரை ஏழு துண்டு, துண்டுக்கு ஒரு மதிப்பெண். ‘குறிப்பிடு’ என்றால் ஒரு வரி போதும், ‘விளக்கு’ என்றால் காரணமும் விளைவும் வேண்டும். முன்னுரை, முடிவுரை, அலங்காரம் எதற்கும் மதிப்பெண் இல்லை. அடிக்கோடு போட்டு, பத்தி பிரித்து அழகாக எழுதச் சொல்லி வளர்த்த தலைமுறை நாங்கள். இந்தத் தேர்வோ 2025 முதல் முழுக்கவும் காலேஜ் போர்டின் ப்ளூபுக் என்ற கணினிச் செயலியில் தட்டச்சு செய்வது. கையெழுத்துக்கு அங்கே வேலையே இல்லை.

என் மகள் கணக்குத் துறையில் வேலை பார்க்கிறாள். புவியியல் அவளுக்கு ஆகவே ஆகாது. நான் ஊருக்குப் போயிருந்த நாட்களில் அவளே வழிகாட்டியை ஒரு பக்கம், மகளின் விடையை ஒரு பக்கம் வைத்துத் திருத்தினாள். என்னைவிடக் கறாராகவே போட்டாள். பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வழிகாட்டி கேட்பது விடையில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். இதற்குப் பயிற்சி மையத்தில் நூற்றுக்கணக்கில் டாலர் கட்ட வேண்டுமா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும்.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். இயற்பியலில் பிள்ளை வேறு வழியில் கணக்குப் போட்டிருந்தால், அந்த வழி சரியா என்று பார்க்கப் பாடம் தெரிந்த ஆள்தான் வேண்டும். உயிரியல், வேதியியல் வகுப்புகளில் கால்பங்கு நேரம் ஆய்வகத்தில் போக வேண்டும் என்பது விதி. அடுப்படியில் அதைச் செய்ய முடியாது. ஆய்வுப் பாடங்களான ஏ.பி. செமினார், ரிசர்ச் இரண்டையும் பள்ளியில் சேராமல் எழுதவே முடியாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு, வீட்டில் யாராவது திருத்தக்கூடிய, அதுவும் பிள்ளைக்கே ஆசையுள்ள ஒரு பாடம் போதும். நான்கு என்பது விளையாட்டல்ல. புதுப் பள்ளி, புது நண்பர்கள், பழகாத வகுப்பு முறை என்று ஏற்கெனவே அந்த வயதில் தலைக்கு மேல் இருக்கிறது.

மிச்சக் கணக்குக்கும் வருகிறேன். இல்லினாய் மாநிலத்தில் அரசுக் கல்லூரிகள் 3 வாங்கினாலே கிரெடிட் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. டார்ட்மவுத் என்ற பெயர்பெற்ற தனியார் கல்லூரியில் 5 வாங்கினாலும் பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. பொறியியல் படிக்கப் போகிறவருக்கு ஹ்யூமன் ஜியோகிராபி கிரெடிட் கிடைத்தாலும் அது பெரும்பாலும் பொதுப்பாடக் கணக்கில்தான் சேரும், பட்டப்படிப்பில் ஓர் ஆண்டைக் குறைக்காது. பள்ளியில் ஏ.பி. வகுப்பு எடுப்பவருக்குப் பல பள்ளிகள் ஜி.பி.ஏ.வில், அதாவது பள்ளிச் சராசரிப் புள்ளியில், தரும் கூடுதல் எடையும் தேர்வு மட்டும் எழுதியவருக்கு வராது. பேத்திக்கு 4 வந்தது. உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் “ஏன் 5 வரலை?” என்று கேட்டார். அவர் பிள்ளை எத்தனை எழுதினான் என்று நான் கேட்கவில்லை. இப்போது செய்தித்தாளில் எல்லைத் தகராறு என்று வந்தால் அவளே எடுத்துவந்து என்னிடம் வாதாடுகிறாள். எனக்கு அது 5க்கு மேலே.

கடைசியாக, கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம். தேர்வு மே மாதம்தான். ஆனால் இடம் பிடிக்க வேண்டியது இலையுதிர் காலத்திலேயே. தேர்வுக்கு நேரடியாக இணையத்தில் பணம் கட்டிப் பதிய முடியாது. ஏதாவது ஒரு பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளர்தான் பெயரைச் சேர்க்க வேண்டும். வகுப்பில் இல்லாதவர்களுக்கு ‘எக்ஸாம் ஒன்லி’ என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதற்கான குறியீட்டை அவரிடம் வாங்கித்தான் சேர முடியும். பேத்தியின் பள்ளியில் அந்தப் பாடமே இல்லை, நடத்தாத பாடத்துக்குத் தேர்வு வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியாரைச் சேர்த்துக்கொள்ள எந்தப் பள்ளிக்கும் கட்டாயம் இல்லை. மாப்பிள்ளை, எந்தப் பள்ளியில் எந்த ஏ.பி. பாடம் உண்டு என்று காலேஜ் போர்டு வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து, அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டார். பாதிப் பேர் பதிலே போடவில்லை. கடைசியில் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் ஒருங்கிணைப்பாளர் அம்மையார் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டு கட்டணம் 99 டாலர், அதற்கு மேல் கண்காணிப்புக்கென்று பள்ளி கொஞ்சம் வாங்கியது. நவம்பர் நடுவில் பதிவு முடிகிறது. பல பள்ளிகள் தங்கள் வசதிக்கு அதற்கும் முன்பே முடித்துக்கொள்கின்றன. தாமதமானால் 40 டாலர் கூடுதல். பதிந்துவிட்டு எழுதாமல் விட்டாலும் 40 டாலர் போகும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஒருங்கிணைப்பாளரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

தை மாதம் பிறந்ததும் உற்சாகமாக ஆரம்பித்து, மார்ச்சில் ‘எங்கே போய் எழுதுவது?’ என்று கேட்கும் பெற்றோரைக் கோயில் வளாகத்திலேயே பார்க்கிறேன். அதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்தக் கடிதம் நீளம்தான், தெரியும். இடம் போதாவிட்டால் ஃபான் தூனனை வெட்டிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. நவம்பரைப் பற்றிய பத்தியை மட்டும் தொடாதீர்கள். முடிந்தால் அக்டோபர் முதல் வாரத்துக்குள் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
நியூ ஜெர்சி