மகளுக்கு, 100 கிலோமீட்டர் தடை நீங்கிய பிறகு

லா கூர்னேவ்
7 ஜூன் 2020, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

அப்பா கையால் எழுதுகிறேன், சிரிக்காதே. போனில் என்றால் "ஓம் அப்பா, சரி அப்பா, அம்மாவிடம் குடுங்கோ" என்று முடித்துவிடுவாய், அதுதான். கொரோனாவுக்காக வீட்டுக்குள் அடைந்திருந்த 55 நாளும் வெளியே போகிற ஒவ்வொரு தடவையும் அந்த அத்தெஸ்தாசியோன், வெளியே போகிற காரணம் எழுதுகிற தாளைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே எழுதினேன், பிரிண்டர்தான் இல்லையே. பெயர், பிறந்த திகதி, என்ன அலுவல், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது எல்லாம். பத்து வயதிலிருந்து இந்த வீட்டுப் போர்ம் எல்லாம் நிரப்பினவள் நீ. இப்போது அந்த ஒரு தாளில் மட்டும் அப்பா பிழை விடமாட்டேன். ஒரு தடவைகூட 135 யூரோ தண்டம் கட்டவில்லை, தெரியுமோ.

மாஸ்க் போடுகிறாய்தானே? மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் மூக்கை மூடிப் போடு. வருகிறவன் எல்லாம் இருமிக்கொண்டுதான் வருவான். இரவு எட்டு மணிக்கு பால்கனியில் கைதட்டும்போது அம்மா சட்டியை எடுத்துவந்து தட்டினாள். மேல்மாடியில் இருக்கிற மாலி நாட்டுக் கிழவர் கீழே குனிந்து, இது உங்கள் மகளுக்கும் சேர்த்து என்று கத்தினார். அன்று அம்மா சாப்பிடவில்லை. எங்கள் 93ஆம் மாவட்டத்தில் எத்தனை சனம் செத்துப் போய்விட்டது, உனக்குத் தெரியும். பெரியப்பாவின் செத்தவீட்டுக்கு 20 பேர் என்று எண்ணி விட்டார்கள். அதை நேரில் கதைப்போம்.

100 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இருந்தவரை அம்மா ஒன்றும் கேட்கவில்லை. 2ஆம் திகதி அதை எடுத்துவிட்டார்கள். இன்று 7. நான் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா திகதி சொன்னேன்.

ரெஸ்டோரண்ட் வேலை தொடங்கிவிட்டது. லியோனில் உள்ளேயும் இருத்திச் சாப்பாடு குடுக்கலாமாம், பாரிசில் வெளியே தெராஸில் மட்டும்தான். மேசைக்கு மேசை ஒரு மீட்டர், ஒரு மேசைக்குப் பத்துப் பேர்தான். முதலாளி கார் விடுகிற இடத்தில் பலகை அடித்து நாலு மேசை போட்டிருக்கிறார். சனம் பக்கத்தில் பஸ் புகையை விட, எழும்ப மனமில்லாமல் இருக்குது. அரை வருசம் பட்டினி கிடந்த மாதிரி ஒரு கோப்பிக்கு ஒரு மணித்தியாலம். இவர்கள் மாறிவிடுவார்கள், இனி வீட்டுக்குள் இருந்து கொம்ப்யூட்டரில் முகம் பார்த்துத்தான் வைன் குடிப்பார்கள் என்று டிவியில் சொன்னவர்களைக் கூட்டிவந்து இந்த நாலு மேசையைக் காட்டவேண்டும்.

பாண் கடையும் அப்படித்தான். கண்ணாடி வைத்து மறைத்து, காசைக் கையில் வாங்காமல் தட்டில் போடச் சொல்கிறார்கள். ஆனால் கீழ்வீட்டு மனிசி இருக்கிறாவே, பாணை வாங்கி முடக்கால் திரும்பியதும் மாஸ்க்கை நாடிக்கு இறக்கி, பாணின் நுனியை முறித்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, என்னைக் கண்டதும் கள்ளப் பிள்ளை மாதிரிச் சிரித்தா. அந்த நுனி முறிக்கிற பழக்கத்தை ஒரு வருத்தமும் நிறுத்தாது.

பிஸ் விசயம்தான், இவர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம் குடுத்து வணக்கம் சொல்கிறதுதான், எனக்குப் பிடிபடவில்லை. பெப்ரவரி கடைசியில் சுகாதார மந்திரி வெரான் பிஸ் குடுக்கவேண்டாம் என்றார், மார்ச்சில் மக்ரோன் ஸ்பெயின் ராசாவுக்குக் கை கூப்பி வணக்கம் சொன்னார். டிவியைப் பார்த்து நான் எழும்பி நின்று சிரித்தேன். பார், கடைசியில் எங்கள் வழிக்கு வந்தார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். நீ மொன்பெலியேயில் படித்தபோது அங்கே இரண்டில்லை அப்பா, மூன்று என்று சொல்ல, நான் போனை வைத்தது ஞாபகம் இருக்குதோ? இனி வேலைத்தலங்களில் அது திரும்பி வராது என்றுதான் நினைக்கிறேன். காலையில் பதினைந்து பேருக்குக் கன்னம் குடுக்கிற அலுப்பு எத்தனையோ பொம்பிளைகளுக்கு இருந்திருக்கும், சொல்ல வழியில்லாமல். வீட்டுக்குள், தாய் பிள்ளைக்குள், அது போகாது.

நீயும் கடையில் ஒருவருக்கும் கை குடுக்காதே. மாஸ்க் போடு.

2ஆம் திகதி நான் குசினிக்குள் போனேன். 1991இல் வந்து கோப்பை கழுவின அதே குசினி. அப்போது முதலாளி ஒவ்வொரு நாளும் உள்ளே வந்து எல்லாருக்கும் கை குடுப்பார். என் கை சவர்க்கார நுரைக்குள் முழங்கைவரை இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கூட வேலை செய்த போர்த்துக்கல்காரன் மணிக்கட்டை நீட்டு என்று காட்டினான். கையை மடக்கி, நனைந்த மணிக்கட்டை நீட்ட, முதலாளி அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். வீசா இல்லை, பாசை இல்லை, அந்த நாளில் இந்த நாட்டில் என்னைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். இத்தனை வருசம் அப்படித்தான். இந்தச் செவ்வாய்க்கிழமை வாசலோடு நின்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அப்புறம் வெங்காயம் வெட்டும்போது எனக்கு ஏனோ மனம் சரியில்லை.

அதுக்குப் பிறகுதான் போன ஓகஸ்ட் நினைவு வந்தது. நீ மறந்திருக்கமாட்டாய். பாரிஸ் கார் து லியோன் ஸ்டேசனில் நீங்கள் இறங்கி வந்தபோது அந்தப் பொடியன் அம்மாவுக்குக் கன்னம் குடுக்கக் குனிந்தான், அம்மா திகைத்துப்போய் நின்றாலும் குடுத்தாள். பிறகு எனக்குக் கை நீட்டினான். நான் உன் இரண்டு பெட்டியையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். பாரம் என்று நினைத்திருப்பான். ஒன்றில் சில்லு இருந்தது, அதைத் தூக்கத் தேவையே இல்லை. நீ பார்த்தாய், எனக்குத் தெரியும். ஒரு மந்திரியும் ஒரு மீட்டர் தள்ளி நில் என்று சொல்ல முந்தியே நான் தள்ளி நின்றவன். கை நிறையப் பெட்டி என்றால் மணிக்கட்டையாவது நீட்டியிருக்கலாம், எனக்குத் தெரியாத பழக்கமா?

அதுக்குப் பிறகு நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. சுகமாக இருக்கிறாரா? அவர் வீட்டில் எல்லாரும் சுகம்தானே?

எனக்கு ஞாயிறும் திங்களும் லீவு. றயிலில் பாதிச் சீட்டுத்தான் விற்கிறார்களாம், அதனால் முந்தியே எடுக்கவேண்டும். இரண்டு டிக்கெட்டுக்கும் அப்பா காசு போடுகிறேன். அம்மா நண்டு வாங்கிவைக்கட்டோ என்று கேட்கிறாள், அவருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமோ என்று எழுது. பிளாட்போமுக்கு நான் வெறுங்கையோடு வருகிறேன். பெட்டியை நீங்களே இழுங்கோ.

றயிலில் மாஸ்க்கைக் கழற்றாதே. மூக்கை மூடிப் போடு.

அன்புடன்
அப்பா