பதினொன்று பதினொன்றுக்குச் சமம்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். கடைசி வரியில் 11 = 11 என்று நிற்கிறது. கூடவே, "எனக்குக் கணக்கே வராதுப்பா" என்று நீ பேசி அனுப்பியது. அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் அவசரமாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். தமிழ் கீபோர்டில் தட்டுவதால் எக்ஸுக்கு அ, வொய்க்கு இ என்று வைத்துக்கொள். இந்த இரண்டு சமன்பாட்டுக்கும் பொருந்துகிற அ, இ என்ன என்பதுதானே நீ போட்ட கணக்கு:

2அ + இ = 11
3அ − 2இ = 6

முதல் சமன்பாட்டில் இ-க்கு முன்னால் எண் எதுவும் இல்லை. அதைப் பார்த்துப் பிடித்து இ = 11 − 2அ என்று எழுதினாயே, அது நல்ல ஆரம்பம். இரண்டாவதில் அ-வைப் பிரிக்கப் போயிருந்தால் பின்னத்தில் மாட்டியிருப்பாய். கணக்கு வராதவளுக்கு இது தோன்றாது.

அப்புறம் அதை முதல் சமன்பாட்டிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டாய். 2அ + 11 − 2அ = 11. அ அடிபட்டுப் போனது, 11 = 11 மிஞ்சியது. தப்பாக ஒன்றும் வரவில்லையம்மா. அது சொன்னதையே அதனிடம் திருப்பிச் சொன்னாய், ஆமாம் என்றது. அவ்வளவுதான். இரண்டாவதில் போட்டுப் பார்:

3அ − 2(11 − 2அ) = 6
3அ − 22 + 4அ = 6
7அ = 28

அ = 4, இ = 3.

இருபத்தெட்டு வருஷம் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். இப்படி ஒரு சமன்பாட்டில் எடுத்ததை மற்றதில் போடுகிற பிரதியிடல் முறையில் மார்க் போகிற இடம் அந்த அடைப்புக்குறிதான். வெளியே நிற்கும் −2 உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும். அவசரத்தில் −22 − 4அ என்று எழுதிவிடுவார்கள். அ = −28, இ = 67 என்று வரும். சரிபார்க்க முதல் சமன்பாட்டில் போடுவார்கள்: −56 + 67 = 11. சரியாக வந்துவிடும்! இ-யை அங்கிருந்துதானே எடுத்தோம், வராமல் எப்படி? இரண்டாவதில் போட்டால்தான் 6-க்குப் பதில் −218 வந்து குட்டு வெளிப்படும். ஆகவே விடையை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார். பரீட்சையில் அரை நிமிஷம்தான் ஆகும்.

பள்ளிப் பிள்ளைகளோடு செலவழித்த நேரத்தில் பாதியாவது உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்போதாவது கேட்டாயே.

எனக்குப் பிடித்த பழைய கணக்கு ஒன்று தருகிறேன். கி.பி. 850 வாக்கில் கன்னட நாட்டில் இருந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் தம் 'கணித சார சங்கிரக'த்தில் கேட்டது. 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் சேர்த்து விலை 107. 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101. ஒவ்வொன்றும் என்ன விலை? எடுத்தவுடன் பிரதியிட்டால் பின்னமாகிவிடும். முதலில் இரண்டையும் கூட்டு. பதினாறும் பதினாறும் சேர்ந்து 208, அப்படியானால் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து 13. அங்கிருந்து பிரதியிடு.

முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. விடை மட்டும் வேண்டாம், அடைப்புக்குறி போட்ட வரியும் தெரிய வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு வருகிறாய் அல்லவா, அம்மா விளாம்பழம் வாங்கி வைக்கிறாளாம்.

அன்புடன்,
அப்பா