பேரல் ரேஸ் ஓடும் சிறுமி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோடியோ என்கிற அமெரிக்க குதிரை, மாட்டு வீர விளையாட்டு என்றாலே காளை மேல் 8 விநாடி தாக்குப்பிடிக்கும் ஆண்களைப் பற்றித்தான் நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. சிறுவர் சிறுமியர் ரோடியோவைப் பற்றியும் எழுதுங்கள். நான் டெக்சாஸில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 13 வயது, பேரல் ரேஸ் ஓடுகிறாள். முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களையும் குதிரையில் சுற்றிவிட்டுப் பாய்ந்து திரும்ப வேண்டும், பெரும்பாலும் 20 விநாடிக்குள் முடிந்துவிடும், ஆனால் ஒரு பீப்பாய் சாய்ந்தால் 5 விநாடி கூட்டிவிடுவார்கள், அப்புறம் பரிசை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த 20 விநாடிக்காக மொத்தக் குடும்பமும் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. அப்பா குதிரை டிரெய்லரை மணிக்கணக்கில் ஓட்டுகிறார், தம்பி தண்ணீர் வாளி தூக்குகிறான், அம்மா சேணத்தின் வாரை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறார். குதிரை தின்ற பிறகுதான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. போன மாதம் இரண்டாவது பீப்பாயைத் தட்டிவிட்டாள். வெளியே வந்ததும் இறங்கி, வாரைத் தளர்த்தி, குதிரையின் மூச்சு அடங்கும்வரை நடத்திக் கூட்டிப்போனாள், அதன் பிறகுதான் அம்மா தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

படிப்பையும் விடுவதில்லை. 1949-இல் தொடங்கிய தேசிய உயர்நிலைப் பள்ளி ரோடியோ சங்கத்தில் 5 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தனிப்பிரிவு உண்டு, பாடங்களில் தேறாவிட்டால் போட்டியிட முடியாது. தொப்பிக்குப் பதில் ஹெல்மெட் போட்டுத்தான் ஓடுகிறாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படியே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு மறுபடியும் போட்டி, நானும் போகிறேன்.

இப்படிக்கு,
டெக்சாஸ் வாசகர்