பனம்பழத்தில் தோய்த்த சட்டை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்தது சந்தோசம். இங்கே எல்லோரும் சுகம். மகளின் ஆக்கினை தாங்காமல் வாஷிங் மெசின் ஒன்று வாங்கியாயிற்று. பூட்ட வந்த பெடியன் முதலில் விசாரித்தது தண்ணீரைத்தான். கிணற்றுத் தண்ணீர் என்றதும், "ஐயா, கல்சியம் படிஞ்சு கெதியிலை பழுதாப்போகும்" என்றான்.

சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிற யாழ்ப்பாணத்துத் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? சவுக்காரம் நுரைக்க முதலே கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் திரண்டுவிடும். அம்மா எத்தனை தரம் அலம்பினாலும் கழுத்துப்பட்டியில் அந்தப் பிசுக்கு நிற்கும்.

நீ 89இலேயே போய்விட்டாய், அதனால் இதைக் கண்டிருக்கமாட்டாய். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிப் பொருளாதாரத் தடையும் வந்த பிறகு சவுக்காரமே அருமையாகிவிட்டது, எங்காவது இருந்தாலும் விலை கேட்க முடியாது. ஆவணி, புரட்டாதியில் விடிய எழும்பி வளவுக்குள் பனம்பழம் பொறுக்குவோம். தோலை உரித்து வாளித் தண்ணீரில் பிசைந்தால் களி கரைந்து மஞ்சளாக நுரைக்கும், உடுப்பை அதில் ஊறவைத்துத் தோய்கல்லில் அடிப்பது, ஊத்தை கூடின இடத்தைக் கொட்டையில் ஒட்டிக்கிடக்கிற தும்பாலேயே தேய்ப்பது. வெள்ளைச் சட்டை மஞ்சள் பூசினது போலத்தான் வரும். பயப்படக்கூடாது, வெயிலில் விரித்தால் அநேகமாக வெளிறிவிடும். மணம் மட்டும் போகாது. கொடியில் காய்ந்த என் பள்ளிக்கூடச் சட்டையின் ஒரு கையைப் பக்கத்து வீட்டு மாடு சப்பித் தின்றுவிட்டது. அம்மா மாட்டுக்காரரோடு சண்டைக்குப் போனா, எனக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை என்ற புளுகம்.

பிறகுதான் காரணம் அறிந்தேன். பனங்களியின் கசப்புக்குக் காரணமான ஃபிளாபெலிஃபெரின் சப்போனின் வகைப் பொருளாம், நுரை வருவது அதனால்தான். சப்போனின் சவுக்காரம் போலக் கல்சியத்தோடு திரளாது. எங்கள் தண்ணீருக்கு அது ஒருவிதத்தில் சவுக்காரத்தைவிடத் தோது. மில்க்வைற் சவர்க்காரம் செய்த கனகராசா ஐயாவே பனை நடச் சொல்லித் திரிந்தவர்தானே! சவுக்காரம் இல்லாத நேரம் பனை கைகொடுத்தது.

அதற்காக அந்தக் காலம் திறமானது என்று யாராவது கதைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். மண்ணெண்ணெய் கிடைக்காமல் தண்ணீர் இறைக்கிற மோட்டரும் ஓடாமல் கிடந்தது. ஒரு வாளி உடுப்புக்கு எத்தனை வாளி தண்ணீர் அள்ள வேண்டும் என்று அள்ளினவைக்குத்தான் தெரியும், அள்ளினது அம்மாவும் அக்காவும். நாங்கள் பழம் பொறுக்கினதோடு சரி.

ஆவணியில் வருவதென்றால் முன்கூட்டியே சொல், பனங்காய்ப் பணியாரத்துக்குக் களி எடுத்து வைக்கச் சொல்கிறேன். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி