நான்காம் எண் பொறித்த பிட்டும் பாழான கீல் திருகாணியும்: ஒரு புகார்க் கடிதம்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் இம்பாக்ட் டிரைவர் தொகுப்பிலுள்ள 4ஆம் எண் ஸ்டார் பிட்டின் அளவுக் குறைபாடு, மற்றும் என் முதல் புகாருக்கு அளிக்கப்பட்ட பதில் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சுத்தியலால் அடித்து இயக்கும் தங்கள் இம்பாக்ட் டிரைவர் தொகுப்பைக் கடந்த மாதம் வாங்கினேன். அதில் 4 என்று பொறிக்கப்பட்டிருக்கும் ஸ்டார் பிட் (கூட்டல் குறி வடிவப் பள்ளமுள்ள ஸ்டார் திருகாணியில் பொருத்துவதற்காகக் கருவியில் மாட்டும் முனைத் துண்டு) உண்மையில் அந்த அளவில் இல்லை என்று முன்னரே எழுதியிருந்தேன். அதற்கு வந்த இரண்டு வரிப் பதில், தவறான பயன்பாட்டினால் விளைந்த சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்பதோடு முடிந்துவிட்டது. நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று எவரும் கேட்கவில்லை. கேட்காமலேயே அது தவறு என்று முடிவு செய்யப்பட்டிருப்பதால், நடந்ததை இப்போது விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

என்னுடைய கார் நாற்பது ஆண்டுகளைக் கடந்தது. ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் கீலில் ஊசி தேய்ந்துபோனதால், கதவைத் திறந்த மாத்திரத்தில் அது ஒரு விரற்கடை கீழே இறங்கிவிடும். மூடும்போது கையால் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டில் பொருந்தும். கீலை மாற்ற வேண்டுமானால், அதைக் கதவுத் தூணோடு இறுக்கியிருக்கும் நான்கு பெரிய ஸ்டார் திருகாணிகளைக் கழற்றியாக வேண்டும். தலை கீலின் பரப்போடு சமமாகப் பதிந்திருக்கும் வகை அவை. உள்ளே மரையில் துரு, மேலே இரண்டு முறை அடித்த பெயின்ட்.

நான் அவசரப்படவில்லை. திருகாணித் தலைகளின் பள்ளங்களில் இறுகிப்போயிருந்த பெயின்டைக் கோணியூசியால் சுரண்டி, அடியில் வெறும் இரும்பு தெரியும்வரை துப்புரவாக்கினேன். துருவை இளக்கும் எண்ணெயை மூன்று நாள் மாலையிலும் விட்டு ஊறவைத்தேன். அந்த எண்ணெய் தீப்பற்றக்கூடியது, அருகிலேயே கதவு ரப்பரும் ஒயர்களும் இருக்கின்றன என்பதால், சூடுபடுத்தி இளக்கும் வழியை வேண்டாமென்று விட்டேன். கதவின் எடை திருகாணிகளில் தொங்காதபடி, கீழே ஜாக்கியும் அதன்மேல் ஒரு மரப்பலகையும் வைத்துத் தாங்கல் கொடுத்தேன். அதன் பிறகே பிட்டைப் பள்ளத்தில் நேராக நிறுத்தி, கருவியைக் கழற்றும் திசையில் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கிலோ சுத்தியலால் அடித்தேன்.

முதல் அடியில் திருகாணி அசையவில்லை, அது எதிர்பார்த்ததுதான். இரண்டாம் அடியில் ஏதோ இளகியது போலக் கைக்குத் தெரிந்ததும், மரை விட்டுக்கொடுத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். எடுத்துப் பார்த்தால் திரும்பியது திருகாணி அல்ல, பிட். அதன் நான்கு இறக்கைகளும் ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தன. கூட்டல் குறியாக இருந்த பள்ளம், ஓரம் மழுங்கி, புதிதாகச் சீவிய இரும்பின் பளபளப்போடு ஒரு சிறு கிண்ணம்போல் ஆகியிருந்தது.

ஸ்டார் திருகாணியின் பள்ளச் சுவர்கள் சாய்வாக இருப்பதால், முறுக்கம் கூடக்கூட அவை பிட்டை வெளியே தள்ளும். சாதாரண டிரைவரால் முரட்டுத் திருகாணியைக் கழற்ற முடியாமல் போவதற்கு அதுவே முதற்காரணம். இம்பாக்ட் டிரைவரில் அடியின் விசை பிட்டை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புவதால்தான் வேலை நடக்கிறது. ஆனால் பிட் பள்ளத்தை நிறைத்து உட்கார்ந்தால் மட்டுமே அது பலிக்கும். ஓர் அளவு சிறிய பிட் அடிப்பகுதியில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் எவ்வளவு நேராக அடித்தாலும் அது பள்ளத்தைக் குடையுமே தவிரத் திருகாணியைத் திருப்பாது.

இந்தச் சந்தேகத்தோடு தங்கள் தொகுப்பிலுள்ள 3ஆம் எண் பிட்டையும், இன்னும் அடிபடாமல் இருந்த மற்றொரு 4ஆம் எண் பிட்டையும் (தொகுப்பில் ஒவ்வோர் அளவிலும் இரண்டு இருக்கின்றன) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தண்டு மட்டுமே பருமனில் வேறுபடுகிறது. நுனி இரண்டிலும் ஒன்றே. முறையாகச் செய்யப்பட்ட டிரைவர்களில் 3ஆம் எண்ணின் தண்டு 8 மி.மீ., 4ஆம் எண்ணின் தண்டு 10 மி.மீ. என்பது வழக்கம், நுனியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். தாங்கள் தண்டைப் பெரிதாக்கிவிட்டு நுனியை அப்படியே விட்டிருக்கிறீர்கள்.

மறுநாள் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வேறொரு 4ஆம் எண் பிட்டை இரவல் வாங்கி, தங்கள் கருவியிலேயே மாட்டி, அதே கையால், அதே சுத்தியலால் அடித்தேன். எஞ்சிய மூன்று திருகாணிகளும் கழன்றன. கடைசித் திருகாணி மட்டுமே ஐந்து அடி கேட்டது. நான் பயன்படுத்திய முறை தவறு என்றால் இவை எப்படிக் கழன்றன என்பதைத் தங்கள் சேவைப் பிரிவினர் விளக்க வேண்டும். கருவியின் உடலைப் பற்றி எனக்குக் குறையே இல்லை, உறுதியான பொருள்தான். அதனாலேயே பிட் விஷயத்தில் இந்த அலட்சியம் கூடுதலாக உறுத்துகிறது.

பாழான அந்த ஒற்றைத் திருகாணி ஒரு முழு நாளைத் தின்றது. தலையை ட்ரில்லால் துளைத்து நீக்கி, கீலை எடுத்தபின், வெளியே நீண்டிருந்த தண்டை இடுக்கியால் பிடித்துச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்து எடுத்தேன். தூணுக்குள் மரைகளைத் தாங்கும் தட்டு அசையும் வகையைச் சேர்ந்தது. அது உள்ளே நழுவி விழுந்திருந்தால் தகரத்தை வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

இதனோடு தங்கள் கையேட்டையும் சொல்ல வேண்டும். அடிப்பதற்கு முன் கருவியைக் கழற்றும் திசையில் கையால் முறுக்கிப் பிடிக்க வேண்டும் என்ற இன்றியமையாத குறிப்பு அதில் எங்கும் இல்லை. நான் அதை முன்பே அறிந்திருந்தேன். புதிதாக வாங்குபவர் எப்படி அறிவார்?

ஆகவே, சரியான நுனியளவுள்ள இரண்டு 4ஆம் எண் பிட்டுகளை எனக்கு அனுப்பிவைக்க வேண்டும், அல்லது தொகுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத்தொகையையும் தர வேண்டும். தவறான பயன்பாடு என்று எழுதியதை எழுத்து மூலமாகவே திரும்பப் பெற வேண்டும். இதே தொகுப்பு இன்னும் விற்பனையில் இருப்பதால், பிட்டின் அளவைச் சோதித்துத் திருத்தும்வரை அதன்மீது 4 என்று பொறிப்பதை நிறுத்திவைக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

முறுக்கிய பிட், அடிபடாத பிட், துளைத்தெடுத்த திருகாணித் தலை ஆகிய மூன்றையும் தனித்தனி உறையில் இட்டு வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் பதிலில் தெரிவித்தால், அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.