மகளே, அந்தப் பெல்பாஸ்ட் சிங்க்கை முதலில் எடுத்துவிடு

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ கீறி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குசினிப் படத்தை நேற்றிரவு கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வடிவான குசினி. நிறம் நல்லது, ஜன்னல் வெளிச்சத்தை மறைக்காமல் மேல் அலுமாரியை நிறுத்திய இடமும் திறம். ஆனால் அந்த யூத வீட்டுக்கார அம்மா "நல்லாயிருக்கு, யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏன் ஒரு கிழமையாகக் கதைக்காமல் இருக்கிறார் என்று கேட்டாயே, அது எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. போனில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

22 வருஷமாக லண்டனில் கோல்டர்ஸ் கிறீன், ஹென்டன், எட்ஜ்வெயர் பக்கம் குசினி பூட்டித் திரிகிறேன், அதில் பாதிக்கு மேல் யூத வீடுகள். முதல் இரண்டு மூன்று வீட்டில் நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன், எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகப் போட்டால் கோஷர், அதாவது அவர்களின் உணவுச் சட்டத்துக்குப் பொருந்துகிற குசினி என்று. இரண்டு சிங்க், இரண்டு ஓவன், இரண்டு டிஷ்வாஷர், காசை வாங்கு, போ. அது அப்படியில்லை.

அவர்களின் வேதமான தோராவில் மூன்று இடத்தில், யாத்திராகமத்தில் இரண்டு தரமும் உபாகமத்தில் ஒரு தரமும், குட்டியை அதன் தாயின் பாலிலேயே சமைக்காதே என்று வருகிறது. அதிலிருந்துதான் அவர்களின் மதகுருமாரான ரபிமார் இறைச்சியும் பாலும் சேர்த்துச் சமைக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது, சட்டி, கரண்டி, கோப்பை எல்லாம் தனித்தனி என்று கொண்டுவந்தார்கள். இறைச்சி சாப்பிட்டபின் பால் சாமான் தொட ஆறு மணித்தியாலம் பொறுக்கிற வீடுகள் இருக்கின்றன, ஜெர்மன் வழி வந்தவர்கள் மூன்று, டச்சுக்காரர் ஒரு மணித்தியாலம். இங்கே அவர்கள் வாயில் 'மீட்டி', 'மில்க்கி' என்றுதான் வரும். இரண்டிலும் சேராத மரக்கறி, பழம், முட்டை, மீன் எல்லாம் 'பார்வே'.

வேலை செய்கிற எங்களுக்கு இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. சூடான சாப்பாட்டின் சுவையைப் பாத்திரம் குடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. அப்பம்மா மீன், இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டியை அடுப்படிக்குள் எடுக்கவே விடமாட்டார், வெளியே தாழ்வாரத்தில்தான் கவிழ்த்து வைப்பார், கந்தசஷ்டிக்கு வேறு புதுச் சட்டி வாங்குவார். ஏன் என்று கேட்டால் "மண் இழுத்துப்போடும்" என்பார். அதனால் எனக்கு இது கேட்டவுடன் பிடிபட்டது. ஆனால் நீ போய் "எங்கள் வீட்டிலும் இப்படித்தான்" என்று அங்கே சொல்லாதே, நான் ஒருமுறை ஹென்டனில் சொல்லி, அந்த ஐயா சிரித்துக்கொண்டே "அப்படியென்றால் உங்கள் அம்மா இறைச்சிக்கறிக்குப் பால் விடமாட்டாரா?" என்று கேட்டார். விடுவார், தேங்காய்ப்பால் என்றேன். "அதிலென்ன, அது பார்வே" என்றார். எங்களுக்குப் பிரச்சினை மச்சம், அவர்களுக்குப் பிரச்சினை சேர்க்கை. இரண்டும் வேறு.

சரி, இப்போது உன் சிங்க். இரண்டு வேண்டும் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, இரண்டு தொட்டி ஒட்டிய அந்த வெள்ளைப் பெல்பாஸ்ட் சிங்க்கைப் போட்டிருக்கிறாய். அது சுட்ட மண், பிள்ளை, மேலே கண்ணாடிப் பூச்சு. மண்பாத்திரம் குடித்ததை அதிலிருந்து வெளியே எடுக்க முடியாது என்பது அவர்களிடம் பழைய சட்டம். பலி இறைச்சி வெந்த மண்பானையை உடைத்துவிடு, வெண்கலப் பானை என்றால் தேய்த்துக் கழுவு என்று லேவியராகமத்திலேயே இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால், ஏதும் பிழைத்துப்போனால், நன்றாக உரஞ்சிக் கழுவி, 24 மணித்தியாலம் அதில் சூடானது எதுவும் படாமல் விட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஒவ்வொரு மூலையிலும் ஊற்றித் திரும்பக் கோஷராக்குவார்கள். உன் வெள்ளைத் தொட்டிக்கு அந்த வழியும் இல்லை, சும்மா உள்ளே ஒரு தட்டி வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். பார்வைக்கு வடிவாக இருக்கும் என்று போட்டாய், அந்த அம்மாவின் கண்ணுக்கு அது ஒரு பெரிய மண்சட்டி.

அது மட்டுமில்லை. இரண்டும் ஒட்டி இருக்கிறது, நடுவில் ஒரே பைப், அதிலும் இழுத்துத் தெளிக்கிற பைப். இறைச்சித் தட்டில் பட்டுத் தெறிக்கிற தண்ணீர் பக்கத்துத் தொட்டியில்தானே விழும்?

இதில் நான் பட்டது உனக்குத் தெரியாது, உனக்கு அப்போது ஆறு வயது. தொழில் தொடங்கிய புதுசு, ஒரு வீட்டில் இரண்டு ஸ்டீல் சிங்க்கை நாலடி தள்ளித்தான் வைத்தேன், அதில் பிழையில்லை. ஆனால் கீழே இரண்டின் கழிவுக் குழாயையும் கொண்டுவந்து ஒன்றாக்கி, சரிவும் காணாமல் சுவருக்குள் விட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போன். போய்ப் பார்த்தால், கோழிக் கொழுப்பு குழாயில் உறைந்து அடைத்து, இறைச்சிச் சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் பால் சிங்க்கின் ஓட்டையால் மேலே வந்து நிற்கிறது. மஞ்சளாக, மேலே எண்ணெய்ப் படலம், அதில் அவர்களின் பால் கோப்பை இரண்டு மிதக்கிறது. அவர்களின் ஓய்வு நாளான சபாத் தொடங்க ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்த அம்மா என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். சிங்க்கையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு மற்ற அறைக்குப் போய் ரபிக்குப் போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை போய், என் காசிலேயே அலுமாரியைக் கழற்றி, குழாயைத் தனித்தனியாகச் சரிவோடு கொண்டுபோய் வெளியே சேர்த்துவிட்டு வந்தேன். உன் படத்தில் கழிவுக் குழாயே இல்லை. கீறு.

ஆனால் உன் படத்தில் பெரிய பிழை சிங்க் இல்லை. நீ இறைச்சி ஓவனை ஒரு தொங்கலிலும், இறைச்சிச் சிங்க்கை மறு தொங்கலிலும் வைத்து, நடுவில் பால் பக்கத்தைப் போட்டிருக்கிறாய். உங்கள் கல்லூரியில் அந்த முக்கோணம் சொல்லித் தந்திருப்பார்கள், 1940களில் இலினாய் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது, ஃபிரிட்ஜ், அடுப்பு, சிங்க் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் என்று. கோஷர் குசினியில் இரண்டு முக்கோணம், ஒன்றையொன்று வெட்டக் கூடாது. ஃபிரிட்ஜ் மட்டும் பொது, அது நடுவில் நின்றால் காணும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது ஹென்டனில் ஒரு வயதான அம்மா. பழைய குசினி முழுவதையும் கழற்றி வெறும் பலகைத் தரையாகக் கிடந்தது. அவர் பேத்தியின் சோக்கட்டியை எடுத்து வந்து, குனிய முடியாமல் குனிந்து, ஓவன் இங்கே, சிங்க் இங்கே என்று தரையில் பெட்டி பெட்டியாகக் கீறச் சொன்னார். கீறினேன். பிறகு வெறும் வறுக்கும் தட்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதில் கோழி கொதிக்கிறது என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். இரண்டு அடி வைத்துவிட்டு நின்று, "இப்போது சுடுகிறது, பேரன் காலுக்குள் ஓடுகிறான், நான் இதை எங்கே வைப்பேன்?" என்று கேட்டார். கைக்குக் கிட்ட இருந்தது பால் மேடை. நான் ஒன்றும் சொல்லாமல் காலால் சோக்கட்டிக் கோட்டை அழித்துவிட்டுத் திரும்பக் கீறினேன், அன்றைக்கு மூன்று தரம் கீறினோம். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் பென்சிலை எடுக்க முதல் அந்த வீட்டுக்காரரை நடக்கவிட்டுத்தான் பார்க்கிறேன். நீயும் திரும்பப் போகும்போது ஒரு சோக்கட்டி கொண்டு போ, லேப்டாப்பைக் காரிலேயே விடு.

உன் நீளச் சுவர் 3.4 மீட்டர்தான். அதில் 60 செ.மீ. டிஷ்வாஷர் இரண்டு போட்டால் மற்றதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒன்று 60, மற்றது 45 என்று போடலாம், ஆனால் முதலில் இரண்டு வேண்டுமா என்று கேள். சில வீட்டில் ஒன்றே ஒன்று, இறைச்சிக்கு மட்டும், பால் கோப்பைகள் கையால். ஒன்றையே மாற்றி மாற்றிப் பாவிக்கலாமா என்பதில் ரபிமாரே ஒத்துப்போவதில்லை, அதனால் அதில் நீ வாய் வைக்காதே. அந்தக் கண்ணாடி ஹொப் அடுப்பும் அப்படித்தான், பொங்கி வழிந்தால் அதைக் கோஷராக்குவது பெரிய கதை. காஸ் என்றால் இரும்புக் கம்பியைக் கழற்றிச் சூடாக்கலாம். வேர்க்டாப்புக்கு நீ எழுதியிருக்கிற குவார்ட்ஸ் கல்லில் பிசின் கலந்திருக்கிறது, அதைக் கோஷராக்கலாம் என்பவர்களும் உண்டு, முடியாது என்பவர்களும் உண்டு. இயற்கைக் கருங்கல்லுக்கு அவ்வளவு சண்டை இல்லை. ஓடர் கொடுக்க முதல் அவர்களின் ரபியிடம் கேட்கச் சொல், நீ கூகுளில் பார்த்துச் சொல்லாதே.

அப்புறம் அந்தக் கொதிநீர் பைப், தொட்டால் திறக்கிற கரண்ட் லாச்சி, கதவு திறந்தால் எரிகிற எல்.ஈ.டி. இதெல்லாம் காட்டறையில் நல்லாயிருக்கும். வெள்ளி பின்னேரத்திலிருந்து சனி இருட்டும்வரை 25 மணித்தியாலம் அவர்கள் மின்சாரம் எதையும் போடவோ நிறுத்தவோ மாட்டார்கள். லாச்சியைத் திறந்தால் லைட் எரியும் என்றால் அன்றைக்கு அந்த லாச்சி பூட்டினது போலத்தான், சாப்பிடக் கரண்டி எடுக்க முடியாது. கொதிநீர் பைப்பைத் திறந்தால் உள்ளே பச்சைத் தண்ணீர் போய்ச் சூடாகும், அதுவும் சமையல் கணக்கு. சபாத்துக்கு முதலே கொதிக்க வைக்கிற பெரிய தண்ணிக் கேத்தில் ஒன்றும், சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கிற தட்டை ஹொட்பிளேட் ஒன்றும் வைப்பார்கள். இரண்டுக்கும் இடமும் பிளக்கும் வேண்டும், அதுவும் பிள்ளைகளின் கை எட்டாத பக்கமாக. உன் படத்தில் அந்த இடத்தில் ஒரு பூச்சாடி இருக்கிறது.

பாஸ்கா பண்டிகைக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டாயா? எட்டு நாளைக்குப் புளித்த மா ஒரு துணுக்குக்கூட இருக்கக் கூடாது, அதற்கென்று இன்னொரு செட் மீட்டி, இன்னொரு செட் மில்க்கி. எங்காவது ஒரு ஆள் உயர அலுமாரி, வருஷத்தில் ஒருமுறை திறக்கிறது, வாசல் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. மற்ற அலுமாரிகளை அந்த எட்டு நாளும் கட்டியோ ஒட்டியோ மூடிவைப்பார்கள், நீ பிடியே இல்லாத கதவு போட்டிருக்கிறாய், எதில் கட்டுகிறது?

பார்வே மேடைக்கு மேலே நல்ல வெள்ளை வெளிச்சம் போடு. கீரை, கோவா எல்லாம் இலை இலையாகப் பிரித்துப் பூச்சி பார்ப்பார்கள், ஒரு பூச்சி போனாலும் பிழை. (2004இல் நியூயோர்க் பைப் தண்ணியிலேயே கண்ணுக்குத் தெரிகிற சின்ன நீர்ப்பூச்சி இருக்கிறது என்று கண்டு, அங்கே எத்தனையோ வீட்டில் பில்டர் பூட்டினார்கள். நல்லவேளை, எங்களுக்கு அந்த வேலை வரவில்லை.)

சிவப்பு, நீலம் என்று கதவுக்கே நிறம் அடிக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு, பச்சை பார்வேக்கு என்று ஒட்டுகிற சின்னத் துண்டு விற்கிறது, அவர்களே ஒட்டிக்கொள்வார்கள். வீட்டு ஆளுக்கு நிறம் தேவையில்லை, கை தானாகப் போகும். வந்துபோகிற மாமியாருக்கும் உதவிக்கு வருகிற பெண்ணுக்கும்தான் அது.

குசினிக் கதவு நிலையை மாற்றப் போகிறாய் என்றால், வலது பக்கத்தில் சரிவாக ஒரு சின்னக் குழல் அடித்திருக்கும், மெசுசா. உள்ளே வேத வரிகள் எழுதிய தோல். உன் ஆட்கள் அதைக் கழற்றி ஆணிப் பெட்டிக்குள் போட்டுவிடப் போகிறார்கள், முதல் நாளே வீட்டுக்காரரிடம் சொல்லி அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல். வெள்ளிக்கிழமைகளில் மத்தியானத்தோடு சாமானைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கள், டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முதலே சபாத் வந்துவிடும்.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறார், அடுத்த ஞாயிறு நான் கொண்டு வருகிறேன். வருகிற வழியில் அந்த வீட்டையும் ஒருமுறை பார்க்கலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டு வை. அதற்கிடையில் சிங்க் கடைக்குப் போன் எடுத்து ஓடரை நிறுத்து, கட்டிய முற்பணம் போனால் போகட்டும், பாதி நான் தருகிறேன்.

அப்பா